நல்ல இடமாப் பார்த்து உக்காரு

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நாடகம் பார்க்க எங்கே உட்கார வேண்டும் என்ற விஷயத்தில் அவளுக்கு இருந்த ஞானத்தை யாராவது எழுதி வைத்திருந்தால், லண்டனில் என் மாப்பிள்ளைக்குப் பல ராத்திரித் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். பங்குனிப் பொங்கலுக்கு வருஷம் தவறாமல் ‘வள்ளி திருமணம்’ வைப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மோனியம் தொடங்கினால், முருகன் தாலி கட்டும்போது கிழக்கு வெளுத்திருக்கும். டிக்கெட் கிடையாது. தலைக்கட்டு வரி போட்டு ஊரே செலவைப் பங்கிட்டுக்கொள்ளும். பொழுது சாயும் முன்பே கோரைப்பாயைச் சுருட்டி என் தலையில் ஏற்றிவிட்டு அப்பத்தா கிளம்பிவிடுவாள். திடலுக்குப் போனதும் உட்கார மாட்டாள். இடுப்பில் கைவைத்து, நிலம் வாங்க வந்தவள் மாதிரி நாலு பக்கமும் பார்ப்பாள்.

முதலில் குழாய் ஸ்பீக்கர். ரேடியோ செட்காரர் எந்த மரத்தில் கட்டுகிறார், குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். “அங்குட்டுப் போகாதடி, காதைக் கிழிச்சுப்புடும்.” அடுத்தது டியூப்லைட். நேர் கீழே உட்கார்ந்தால் பபூன் வருவதற்குள் பூச்சி மொய்த்துவிடும். அப்புறம் டீக்கடைக்குப் போகும் தடம். விடிய விடிய அதில் ஆள் நடமாட்டம் இருக்கும், நம் காலை மிதிக்காமல் ஒருவனும் போக மாட்டான். நாலாவது, தரையின் வாட்டம். மேட்டில் கைப்பிள்ளைக்காரிகள் உட்கார்ந்திருந்தால் பள்ளத்தில் பாய் விரிக்கக் கூடாது. இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் சில்லறை. அவளுடைய மூல விதி ஒன்றுதான்: மேடை ஓரத்தில் இருக்கும் ஆர்மோனியக்காரரின் முகம் நமக்குத் தெரிய வேண்டும். ராஜபார்ட்டின் முகம் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை என்பாள்.

அதற்கு ஒரு நியாயம் இருந்தது. எங்கள் ஊருக்கு வருவது ஸ்பெஷல் நாடகம். கம்பெனி என்று எதுவும் கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, அட்வான்ஸ் கொடுத்துப் பிடிப்பார்கள். ஒத்திகை கிடையாது. அன்று ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்துவிட்டுப் போன பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொது. மற்றதெல்லாம் அவரவர் சாமர்த்தியம்.

நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ண ஆரம்பித்தால் யார் எதை எடுத்து வீசுவார்கள் என்று கடவுளுக்கும் தெரியாது. ஒரு வருஷம் அரை மணியில் முடியும். இன்னொரு வருஷம் நாரதர் விடமாட்டார், வள்ளி அதற்குமேல் விடமாட்டாள், இரண்டு மணி நேரம் போகும். அடுத்த அடி எந்தப் பக்கமிருந்து விழும் என்பது அரை நொடி முன்னாலேயே தெரிந்துவிடுகிற ஒரே ஆள் ஆர்மோனியக்காரர்தான், சுருதியும் பாட்டும் அவர் கையில் இருப்பதால். அவர் தலையைக் குனிந்து சிரித்தால் நாரதர் மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தம். அப்பத்தா அவர் முகத்தைப் பார்த்து முன்கூட்டியே சிரித்துவிடுவாள். பக்கத்துப் பாய்க்காரிகளுக்கு இது பெரிய ஆச்சரியம். அவள் எந்தக் காலத்திலும் இந்த ரகசியத்தை அவர்களுக்குச் சொல்லவில்லை.

மைக் வந்த பிறகுதான் இந்தத் தொல்லையெல்லாம் என்பது அவள் கட்சி. சின்ன வயதில் கிட்டப்பா பாடிக் கேட்டதாக அடிக்கடி சொல்வாள். எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தது 1933-இல், அதனால் கணக்கு உதைக்கவில்லை. மைக் இல்லாமல் கடைசி ஆள் வரைக்கும் போகும் குரல் அது. “அவுகளைக் கேக்க எடம் எதுக்கு? வரப்புல உக்காந்தாலும் கேக்கும்.” பாடுகிறவருக்குக் குரல் இருந்தபோது பார்க்கிறவருக்கு எந்த இடமும் நல்ல இடம்தான்.

அப்பத்தா சுதந்திரமாக இடம் தேர்ந்தெடுத்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் தேர்ந்தெடுத்ததெல்லாம் பெண்கள் பக்கத்துக்குள்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆண்கள். மேடைக்கு முன்னால் மண்ணில் சின்னப் பிள்ளைகள். பிரசிடெண்டுக்கும் அம்பலகாரருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்த நாற்காலிகள். தெற்குத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் பின்னால், நின்றபடி. எந்தத் தெருக்காரர் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரில் வரைபடம் தேவைப்படவில்லை. பிறக்கும்போதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

ஆனால் உண்மையிலேயே நல்ல இடம் இவர்கள் யாருக்கும் கிடையாது. அது அம்மனுக்கு. மேடையைச் சந்நிதிக்கு எதிரே, அவள் பார்வைக்கு நேராகத்தான் போடுவார்கள். நாடகமே அவளுக்காக நடப்பது. நாமெல்லாம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டவர்கள். கோயில் வாசலிலிருந்து மேடைவரை ஒரு பாய் அகலத்துக்குத் தடம் விட்டுத்தான் உட்கார வேண்டும். தெரியாமல் அதில் கால் நீட்டிய பிள்ளைக்கு அங்கேயே பிட்டத்தில் ஒன்று விழும். விடிய விடிய விழித்திருந்து முழு நாடகத்தையும் பார்ப்பவளும் அவள்தான். மாலையும் சோடாவும் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த பிரசிடெண்டு, பபூன் முடிவதற்குள் வாயைத் திறந்து தூங்கிவிடுவார்.

கல்யாணமாகி மதுரைக்குப் போன பிறகு டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்கும் அந்தஸ்து வந்தது. தரை, பெஞ்சு, சேர், சோபா. சினிமாவில் முன்னால் உட்காருகிறவன் ஏழை, பின்னால் உட்காருகிறவன் பணக்காரன். நாடகக் கொட்டகையில் அப்படியே தலைகீழ். இது புரிந்த பிறகு ஒருமுறை பணத்தைக் காப்பாற்ற நினைத்துப் பின்வரிசைக்குப் போகத் துணிந்தேன். என் வீட்டுக்காரர் அதை ஆமோதித்தார். ஆர்.எஸ். மனோகர் நாடகம் என்றால் தந்திரக் காட்சிதான் பிரதானம், தந்திரத்தைத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ‘இலங்கேஸ்வரன்’ பார்த்துவிட்டு வந்தோம். சிக்கனத்துக்கும் ரசனைக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

பிறகு மகள் கல்யாணமாகி லண்டன் போனாள். 2003-இல் நான் முதன்முதலாகப் போனபோது அங்கே ‘பாம்பே ட்ரீம்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசை. நம்ம ஊர்ப் பிள்ளையின் பாட்டுக்கு வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்துக் கைதட்டுவதைப் பார்க்காமல் ஊர் திரும்ப முடியுமா? புதுக் குடித்தனம், கையில் காசு அதிகமில்லை. லெஸ்டர் சதுக்கத்தில் ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. அன்றைக்கு விற்காமல் கிடக்கும் டிக்கெட்டை அன்றைக்கே குறைந்த விலைக்குத் தள்ளுவார்கள். 1980 முதல் நடக்கிறது. காலையில் போய் வரிசையில் நின்றோம். எங்கே உட்காருவது என்று நாங்கள் தீர்மானிக்கவில்லை, ஜன்னலுக்குள் இருந்தவர் தீர்மானித்தார். அப்போலோ விக்டோரியா என்ற அந்த அரங்கம் 1930-இல் சினிமாக் கொட்டகையாகக் கட்டப்பட்டது. இரண்டாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். எங்களுக்கு வாய்த்தது மேல்தளம். மேடையில் நிஜமான நீரூற்று பீய்ச்சி அடிக்க, நனைந்துகொண்டே ஆடினார்கள். மேலேயிருந்து பார்த்ததால் தண்ணீரும் ஆட்டமும் போட்ட கோலம் முழுசாகத் தெரிந்தது. மகளும் மாப்பிள்ளையும் அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வேறு இடம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை.

இப்போது இருவருக்கும் நல்ல சம்பளம். ஆகவே நிம்மதி போய்விட்டது.

சமீபத்தில் நான் போனபோது ‘ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ பார்ப்பது என்று முடிவானது. ஹேமார்க்கெட் தெருவில், 1897-இல் கட்டிய அரங்கில், 1986 அக்டோபரில் தொடங்கிய நாடகம். ராணியின் பெயரில் இருந்த அரங்கத்துக்கு 2023-இல் ராஜாவின் பெயரை வைத்துவிட்டார்கள். நாடகம் மட்டும் மாறவில்லை. நான் ஊரில் பெட்டி கட்டுவதற்கு முன்பே மாப்பிள்ளை வீடியோவில் வந்தார்.

“அத்தை, ஸ்டால்ஸா, சர்க்கிளா?”

ஸ்டால்ஸ் என்பது தரைத்தளம். அதற்கு மேலே ராயல் சர்க்கிள், அதற்கும் மேலே கிராண்ட் சர்க்கிள், உச்சியில் பால்கனி. ஒவ்வொரு நாற்காலியும் திரையில் ஒரு புள்ளி. புள்ளியின் மேல் விரலை வைத்தால் விலை வருகிறது. இன்னொரு பக்கத்தைத் திறந்தால், அதே நாற்காலியில் எப்போதோ உட்கார்ந்த புண்ணியவான் எடுத்துப் போட்ட படம் வருகிறது. முட்டி இடிக்குமா, முன்னால் கம்பி மறைக்குமா, கழிப்பறைக்கு எத்தனை படி என்பது வரைக்கும் சாட்சியம் பதிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை அத்தனையையும் படித்திருந்தார்.

“சாண்ட்லியர்னு பெரிய தொங்குவிளக்கு, அது நம்ம தலைக்கு மேல ஏறணும்னா ஸ்டால்ஸ், அத்தை. ஆனா ரொம்பப் பின்னால போனா மேல்தளம் கூரை மாதிரி மறைச்சிடும். ஏரிக் காட்சியில தரையிலேர்ந்து மெழுகுவத்தி எழும்பி வரும், புகை பரவும், நடுவுல படகு போகும். அது சர்க்கிள்லேர்ந்துதான் முழுசாத் தெரியும். ‘லயன் கிங்’னா யோசிக்கவே வேண்டாம், ஸ்டால்ஸ்ல நடைபாதை ஓரம். யானையே நம்ம பக்கத்துல நடந்து போகும்.”

“தூண் கீண் உண்டா மாப்பிள்ளை?”

“பழைய தியேட்டர்ல எல்லாம் உண்டு அத்தை. ஆனா மறைக்கிற சீட்டுக்கு அவங்களே டிக்கெட்டுல ‘மறைக்கும்’னு அச்சடிச்சு விலையைக் குறைச்சிடுவாங்க.”

இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊர்ப் பந்தக்காலுக்குப் பின்னால் உட்கார்ந்து பாதி வள்ளியைப் பார்த்தவர்களுக்கு யாரும் தலைக்கட்டு வரியில் கால் ரூபாய் கழித்ததில்லை.

நாங்கள் யோசிக்க யோசிக்க விலை ஏறியது. கேட்பு அதிகமானால் கம்ப்யூட்டரே ஏற்றிவிடுமாம். ராத்திரி பார்த்த விலை காலையில் இல்லை. நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கச் செலவழிக்கும் நேரமே அந்த இடத்தின் விலையை ஏற்றுகிறது. இப்படி ஒரு ஏற்பாட்டை எங்கள் ஊர் மிராசுதார்களால்கூட யோசித்திருக்க முடியாது.

மகள் ஒரு பழைய கதை சொன்னாள். ஹேமார்க்கெட் தெருவிலேயே, எதிர்ச் சாரியில் இன்னொரு பழைய அரங்கம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மேடைக்கு முன்னால் தரைமட்டத்தில் இருந்தது ‘பிட்’, வெறும் பெஞ்சுகள். கொஞ்சக் காசுக்கு ஊரெல்லாம் வந்து உட்கார்ந்த இடம் அது. கனவான்கள் மேலே சர்க்கிளில் இருந்தார்கள். முன்வரிசையின் அருமை போகப் போகக் காசுள்ளவர்களுக்கும் தெரிந்துவிட, பல அரங்குகளில் பெஞ்சுகள் வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போய், அங்கே மெத்தை நாற்காலிகள் வந்தன. 1880 ஜனவரியில் ஸ்குயர் பேன்கிராஃப்ட் என்ற நடிகர்-முதலாளி அந்த எதிர்ச்சாரி அரங்கில் பிட்டை அடியோடு எடுத்துவிட்டார். திறப்பு நாளன்று பழைய பெஞ்சுக்காரர்கள் கூச்சல் போட்டுக் கொஞ்ச நேரம் நாடகத்தைத் தொடங்கவிடவில்லை. அப்புறம் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் மாடிப்படி ஏறப் பழகிக்கொண்டார்கள்.

1996-இல் நியூயார்க்கில் ‘ரென்ட்’ நாடகக்காரர்கள் இதைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார்கள். முதல் இரண்டு வரிசையை 20 டாலருக்கு, அன்றன்றைக்கு வந்து நிற்பவர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். காசில்லாத இளசுகள் தெருவிலேயே படுத்து வரிசை பிடித்தார்கள். கூட்டம் தாங்காமல் பின்னால் குலுக்கல் வந்தது. எங்கள் ஊரில் முன்மண்ணில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் சமமான அந்த இரண்டு வரிசையை உலகமே புதுமை என்று கொண்டாடியது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். “இதுல ஆர்மோனியக்காரர் எங்க உக்காருவார்?”

மாப்பிள்ளை முழித்தார். வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்துக்குள் இருப்பார்களாம். கீழேயிருந்து பார்த்தால் நடத்துநரின் தலையும் கைக்குச்சியும் தெரிந்தால் அதிகம். மேலே சர்க்கிளின் முன்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தால் பள்ளம் தெரியும். பாடுகிறவர்களின் விக் ஓரத்தில் கடுகளவு மைக். குரல் ஸ்பீக்கர் வழியாக வரும். அத்தனை குரலையும் கூட்டிக் குறைக்கிற ஆள் ஸ்டால்ஸின் கடைசியில், பொத்தான்கள் நிறைந்த மேஜைக்கு முன்னால், நமக்கு முதுகுப் பக்கம் இருப்பார். ஒலி எப்படி இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்பவர் அவரே. அப்பத்தாவாக இருந்தால் ஒன்று சர்க்கிள் முன்வரிசைக்குப் போயிருப்பாள், இல்லையென்றால் அந்த மேஜைக்காரரின் பக்கத்தில் பாயை விரித்திருப்பாள். இரண்டுமே விலை உச்சத்தில் இருந்த இடங்கள் அல்ல. ஆகவே மாப்பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை. மாமியாருக்கு இரண்டாம் தர இடமா? ஸ்டால்ஸ் நட்டநடுவில், விலையைப் பார்த்தாலே மரியாதை வரும்படியான மூன்று நாற்காலிகளை வாங்கினார்.

போனோம். சாண்ட்லியர் சரியாகத் தலைக்கு மேல் ஏறியது, விழ வேண்டிய நேரத்தில் விழுந்தது. முட்டி இடிக்கவில்லை. எதிரே உயரமானவர் யாருமில்லை. எல்லாம் படத்தில் பார்த்தபடியே இருந்தது. அதுதான் கொஞ்சம் இடித்தது. ஏரிக் காட்சியில் படகு வந்தபோது மாப்பிள்ளை மேடையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி சர்க்கிள் முன்வரிசைக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, “அங்கேர்ந்து இன்னும் நல்லா தெரிஞ்சிருக்கும் அத்தை” என்றார். குரல் கம்மியிருந்தது.

அவரைச் சமாதானப்படுத்த எனக்கு வழி தெரிந்தது, சொல்லத்தான் இல்லை. அங்கே ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு விலை போட முடிவதற்குக் காரணம், நேற்று விழுந்த சாண்ட்லியர் இன்றும் அதே பாட்டில் அதே இடத்தில் விழும், நாளையும் விழும் என்பதுதான். என்ன நடக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் எங்கிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்று அச்சடிக்க முடியும். நாரதரிடம் வள்ளி இன்றைக்கு ராத்திரி என்ன கேட்பாள் என்று நாரதருக்கே தெரியாத நாடகத்துக்கு எந்தக் கம்ப்யூட்டரும் விலைப்பட்டியல் போட முடியாது. அப்பத்தா இடம் பார்த்தது காட்சிக்காக அல்ல. எதிர்பாராதது எங்கேயிருந்து கிளம்பும் என்று மோப்பம் பிடித்து, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஹேமார்க்கெட்டில் அப்படி மோப்பம் பிடிக்க ஒன்றுமில்லை. முகம் தெரியாத பள்ளத்துக்குள்ளிருந்து வாசிப்பு அப்பழுக்கில்லாமல் வந்துகொண்டே இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. எனக்கு முன்கூட்டியே சிரிக்க ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஊர் திரும்பி, அந்தப் பங்குனிக்கு எங்கள் ஊருக்குப் போனேன். வள்ளி திருமணம் இன்னும் நடக்கிறது. ஆர்மோனியத்தோடு கீபோர்டும் சேர்ந்திருக்கிறது. பாய் கொண்டுவருவார் யாருமில்லை. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், வரிசை வரிசையாக. தெற்குத் தெருப் பிள்ளைகள் நடு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காத சில பெரிசுகள் வீட்டிலேயே யூடியூபில் நேரலை பார்த்துக்கொண்டார்கள். ஊர் இவ்வளவு முன்னேறியதற்கு நாடகம் போட்ட செலவு தகும்.

முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று செல்போனில் படம் எடுத்ததால் பின்வரிசைக்காரர்கள் அந்தச் செல்போன் திரைகளில் வள்ளியைப் பார்த்தார்கள். நான் பழைய வழக்கப்படி ஆர்மோனியக்காரரின் முகம் தெரியும் ஓரத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தேன். ஒரு பொடியன் வந்து, “அப்பத்தா, அங்கேர்ந்து ஒண்ணும் தெரியாது, நடுவுல வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தான். மறுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆர்மோனியக்காரர் தலையைக் குனிந்தார். நான் சிரித்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கோயில் வாசலிலிருந்து மேடைவரை விடும் தடம் இப்போது இல்லை. அந்த இடத்தில், நன்கொடை கொடுத்த பெருமக்களுக்காக வெல்வெட் உறை போட்ட சோபாக்கள். அவர்களுக்குப் பின்னால், சந்நிதியை அடைத்தாற்போல் அவர்களுடைய படங்களும் பெயர்களும் போட்ட ஃபிளெக்ஸ் பேனர். சோபாவில் இருந்தவர்கள் பபூன் முடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். சோபா போகவில்லை, பேனரும் போகவில்லை. யாருக்காக நாடகமோ அவள் விடிய விடிய பேனரின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லண்டனாக இருந்தால் ‘மறைக்கும்’ என்று அச்சடித்து, விலையில் பாதியாவது குறைத்திருப்பார்கள்.